அத்தையின் கையும் அரை விலைத் திருகாணியும்

திருகாணி என்றால் நாற்பது வயதுவரை எனக்குத் தெரிந்தது தோட்டுத் திருகாணி ஒன்றுதான். மரை தேய்ந்துபோனால் தோடு தொலைந்துவிடும் என்று வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் அம்மா காதைத் தொட்டுப் பார்க்கச் சொல்வாள். அந்தப் பழக்கம் இன்றைக்கும் எனக்கு உண்டு. கொல்லைப் படியில் முடுக்கியிருக்கும் திருகாணியையும் அப்படித் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதைத் தெரிந்துகொள்ள என் மாமியாரின் மணிக்கட்டு முறிய வேண்டியிருந்தது.

நாங்கள் இருப்பது கனடாவில், டொராண்டோவுக்குப் பக்கத்தில் மிஸ்ஸிசாகா என்ற ஊர். இங்கே வீடுகளுக்கு மொட்டை மாடி கிடையாது. பனி சரிந்து விழ வேண்டும் என்று கூரையைச் சாய்வாகக் கட்டிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, சமையலறைக் கதவைத் திறந்தால் பின்பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு மரப் பலகையால் ஒரு பெரிய திண்ணை. அதற்கு ‘டெக்’ என்று பெயர். ஐந்து படி இறங்கினால் தோட்டம். கோடை வந்துவிட்டால் எங்கள் குடித்தனமே அந்த டெக்கில்தான். துணி உலர்த்துவது, கீரை ஆய்வது, குழந்தைகள் பாடம் படிப்பது, இவர் இரவு ஷிப்டு முடிந்து வந்து காபி குடிப்பது எல்லாம் அங்கேதான்.

2012-ல் வீட்டை வாங்கினோம். அப்போதே டெக் பழசு. 2014 கோடையில் அதைப் பிரித்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். தெரிந்தவர் மூலமாக மரவேலைக்காரர் ஒருவர் வந்தார். கூலி மட்டும் தனக்கு, சாமான்களை நாங்களே வாங்கித் தந்துவிட வேண்டும் என்று பேச்சு. மரத்தை இவரும் அவருமாகப் போய் எடுத்து வந்துவிட்டார்கள். பாதி வேலையில் ஆணி தீர்ந்துவிட்டது. இவர் வேலைக்குப் போயிருந்தார். “இரண்டரை அங்குலத் திருகாணி ரெண்டு பெட்டி வேணும்” என்று மரவேலைக்காரர் சொல்ல, நான் பஸ் ஏறிக் கடைக்குப் போனேன்.

அந்தக் கடையில் ஒரு சந்து முழுக்கத் திருகாணிதான். ஜவுளிக் கடையில் ரவிக்கைத் துணி அடுக்கியிருப்பதுபோல நூறு தினுசு. பச்சை, பழுப்பு, கறுப்பு, சாம்பல், வெள்ளி, தங்கம். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அந்தத் தங்க நிறத்துப் பெட்டி பாதி விலை. கையில் எடுத்தால் பளபளவென்று எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தை மாதிரி இருந்தது. நீளமும் சரியாக இருந்தது. மிச்சம் பிடித்த பணத்தில் பெண்ணுக்கு ஒரு ஜோடிச் செருப்பும் வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல! பெட்டியின் பக்கவாட்டில் ‘இன்டீரியர்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருந்ததாம். வீட்டுக்குள்ளே மட்டும் உபயோகிக்க என்று அர்த்தம். நான் படிக்கவில்லை. மரவேலைக்காரரும் நிறத்தைப் பார்த்தாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வேலை முடிந்தால் போதும் என்று அத்தனையையும் படிக்கட்டில் முடுக்கிவிட்டுப் போனார்.

எட்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதே சரி. ஆணியைச் சுற்றி மை கொட்டினாற்போல் கறுப்பு படர்ந்திருந்தது. மரத்தில் அழுக்கு என்று பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பிறகு அதே இடத்திலிருந்து செம்பழுப்பாகத் துரு வழிந்தது. அதையும் தேய்த்தேன். மூன்றாவது படி மிதிக்கும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் போடும். பழைய படி அப்படித்தான் இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

2022 மே மாதம் அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். கும்பகோணத்துப் பக்கம் கிராமம், எழுபத்து மூன்று வயது. காலையில் எழுந்ததும் தோட்டத்தில் இறங்கிச் சூரியனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் காபி. வந்த பத்தாம் நாள், நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது வெளியே சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மூன்றாவது படியின் பலகை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அத்தை கீழே புல்லில் கையை ஊன்றியபடி கிடக்கிறார். தலையில் அடிபடவில்லை. இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அன்று சாயங்காலம் பலகையை எடுத்துப் பார்த்தேன். தங்க நிறத்துத் தலைகள் மட்டும் பலகையில் இருந்தன. உடம்பு மரத்துக்குள்ளேயே சீவித் தேய்ந்த பென்சில் முனைபோல் இற்றுப்போயிருந்தது. எந்த ஆணி என்று எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு போர்ச்சுகீசியப் பெரியவர் இருக்கிறார். நாற்பது வருஷம் தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே தரம், அதனால் இருவருக்கும் நன்றாகப் புரியும். அவர் அந்த இற்றுப்போன ஆணியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது அலமாரிக்கு. மழைக்கு இல்லை, இந்த மரத்துக்கு இல்லவே இல்லை” என்றார். இந்த மரத்தில் என்ன விசேஷம் என்று கேட்டேன். அரைமணி நேரம் பாடம் நடத்தினார்.

டெக் போடும் மரம் நம் தேக்கு மாதிரி உழைக்கிற ஜாதி இல்லை, பைன்தான். கறையானும் பூசணமும் பிடிக்காமலிருக்க அதற்கு மருந்து ஏற்றுகிறார்கள். பெரிய இரும்பு உருளைக்குள் மரத்தை அடுக்கி மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மருந்துத் தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். ஊறுகாய் மாங்காயில் உப்பு ஊறுகிற மாதிரி, மருந்து மரத்துக்குள் இறங்கிவிடும். அந்த மருந்தில் முக்கியமான சரக்கு தாமிரம். மரம் இலேசாகப் பச்சையடித்திருப்பது அதனால்தான்.

தாமிரம் என்றதும் எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிட்டது. மயில்துத்தக் கரைசலில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டு வைப்பார்களே, உங்களுக்கும் நினைவிருக்கும். கொஞ்ச நேரத்தில் நீல நிறம் வெளுத்து, ஆணிமேல் செம்பு படிந்திருக்கும். ஆணியிலிருந்து இரும்பு கரைந்து தண்ணீரில் போய்விட, அந்த இடத்தில் செம்பு வந்து உட்காருகிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கினேன். மழையிலும் பனியிலும் நனைந்த டெக் மரமும் கிட்டத்தட்ட அந்தக் கண்ணாடிக் குவளைதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இரும்பும் தாமிரமும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அரிபடுவது இரும்புதான். போதாக்குறைக்குப் பனிக்காலத்தில் படி வழுக்காமலிருக்க நானே கைநிறைய உப்பை அள்ளித் தூவுவேன். உப்பு துருவை இன்னும் விரட்டிவிடும்.

முன்காலத்து மரத்தில் இவ்வளவு அரிப்பு இல்லையாம். அப்போது குரோமியம், தாமிரம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்தைப் போட்டார்கள். ஆர்சனிக் என்றால் பாஷாணம்! குழந்தைகள் தவழும் இடத்தில் அது வேண்டாம் என்று 2003-ஆம் வருஷக் கடைசியோடு கனடாவிலும் அமெரிக்காவிலும் வீடுகளுக்கான மரத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதில் வந்த புது மருந்துகளில் தாமிரம் அதிகம். விஷம் குறைந்தது, ஆணிக்குச் சோதனை கூடிவிட்டது. தாமிரத்தைத் தூளாக அரைத்துச் சேர்க்கிற மரமும் இப்போது கிடைக்கிறது. அதில் அரிப்பு கொஞ்சம் மட்டு என்றாலும், கண்ட ஆணியையும் போடலாம் என்று அர்த்தமில்லை.

இதைக் கேட்டதும் என் வயிற்றில் புளியைக் கரைத்தது. 2014-ல் நாங்கள் பிரித்துப் போட்டது 2003-க்கு முந்தைய டெக். அதன்மேல்தான் இரண்டு கோடை நான் வேட்டியை விரித்து அரிசி வடகம் பிழிந்து காயவைத்திருக்கிறேன். மருந்து ஏற்றிய மரத்தின்மேல் தின்கிற பண்டம் நேராகப் படக்கூடாது. இப்போது மடக்கு மேஜையில் பெரிய எவர்சில்வர் தாம்பாளங்களை வைத்து வடகம் போடுகிறேன். குழந்தைகள் டெக்கில் விளையாடிவிட்டுச் சாப்பிட வந்தால் கை கழுவாமல் தட்டு கிடையாது. இன்னொன்று, வேலையில் மிஞ்சும் துண்டு மரத்தை அடுப்பிலோ குளிர்காய்கிற நெருப்பிலோ போட்டுவிடாதீர்கள். புகையிலும் சாம்பலிலும் அந்த மருந்து அத்தனையும் வரும். அறுக்கும்போது பறக்கிற தூளும் மூக்கில் ஏறக்கூடாது.

ஆணி விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர் என்னைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு அதே சந்துக்குக் கூட்டிப்போனார். எட்டு வருஷம் கழித்து அந்தத் தங்க நிறப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. பெட்டி என்ன செய்யும், பாவம்!

தங்க நிறமும், கண்ணாடிபோல மின்னும் வெள்ளி நிறமும் மின்சாரத்தால் ஏற்றிய துத்தநாக முலாம். முகத்துக்குப் பவுடர் பூசின மாதிரி ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். கறுப்பாக இருப்பது சுவர் அட்டைக்கு அடிக்கிறது. அது வெளியில் கொஞ்சமும் தாங்காது. சட்டென்று ஒடியும் குணமும் அதற்கு உண்டு.

டெக்குக்கு ஆகிற ஆணி மூன்று தினுசு. ‘ஹாட் டிப் கால்வனைஸ்டு’ என்பது ஒன்று. சுமார் 450 டிகிரியில் உருகிக்கொண்டிருக்கும் துத்தநாகத்தில் ஆணியை முக்கி எடுக்கிறார்கள். வாழைக்காயைப் பஜ்ஜி மாவில் தோய்த்து எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அப்படித் தடிமனாக ஒட்டிக்கொள்ளும். அதனால் பார்க்க லட்சணமாக இராது. மங்கின சாம்பல் நிறம், தடவினால் சொரசொரப்பு. ஊரில் கிணற்றடியில் கிடக்குமே, பூப்பூவாய்ச் சாம்பல் நிறம் ஓடின பழைய வாளி, அதுவும் இந்த முக்கல்தான். துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். பெட்டியில் ‘ஏ.எஸ்.டி.எம். ஏ 153’ என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். முக்கி எடுத்த முலாமுக்கு உள்ள தர விதி அது.

இன்னொன்று பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் வருகிற டெக் திருகாணி. முலாத்துக்கு மேலே பிளாஸ்டிக் மாதிரி ஒரு பூச்சு உண்டு. மரத்தின் நிறத்தோடு ஒத்துப்போவதால் பெரும்பாலும் இதைத்தான் வாங்குகிறார்கள். மருந்து ஏற்றிய மரத்துக்கு ஏற்றது என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்க வேண்டும். நிறத்தை மட்டும் பார்த்து வாங்கினால் என் கதைதான். முடுக்கும்போது திருப்புளி வழுக்கித் தலையில் பூச்சு பெயர்ந்தால் அந்த இடத்தில் துரு பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, நம் எவர்சில்வர்! பெட்டியில் 304 என்று போட்டிருந்தால், அடியில் 18/8 என்று முத்திரை குத்திய நல்ல பாத்திரத்தின் சரக்கேதான் அது, பதினெட்டுப் பங்கு குரோமியம், எட்டுப் பங்கு நிக்கல். கடற்கரை ஓரத்து வீடு என்றால் அதைவிட உயர்ந்த 316 வாங்க வேண்டும். விலை மற்றதைப்போல இரண்டு மூன்று மடங்கு. கொஞ்சம் மென்மையான உலோகம் என்பதால் முரட்டுத்தனமாக முடுக்கினால் கழுத்து முறியும். முதலில் துளை போட்டுக்கொண்டு முடுக்குவது நல்லது.

எல்லாம் எவர்சில்வரிலேயே போட்டுவிடலாமே என்றேன். பெரியவர் தலையை ஆட்டினார். பலகைக்குப் போடலாம். ஆனால் கீழே சட்டங்களைத் தாங்குகிற தகடுகள் துத்தநாகம் முக்கியவை. அந்தத் தகட்டில் எவர்சில்வர் ஆணியை அடித்தால், இரண்டு ஜாதி உலோகம் ஈரத்தில் உரசித் தகட்டின் முலாம் சீக்கிரம் போய்விடும். முக்கின தகட்டுக்கு முக்கின ஆணி, எவர்சில்வர் தகட்டுக்கு எவர்சில்வர் ஆணி. அந்தத் தகட்டில் சாதாரண டெக் திருகாணியையும் போடக்கூடாது. அது ஒல்லி, குறுக்கே பாரம் விழுந்தால் ஒடிந்துவிடும். அதற்கென்றே தடித்த ஆணி தனியாக விற்கிறது. வீட்டுச் சுவரோடு டெக்கைச் சேர்த்துப் பிடிக்கிற பெரிய சட்டம் இருக்கிறதே, அதற்கு அரை அங்குல போல்ட்டும் வாஷரும்தான். வெறும் ஆணியடித்து மாட்டியிருந்தால் மொத்த டெக்கும் ஆட்களோடு கீழே வந்துவிடும் என்றார். அன்றிரவு நானும் இவரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே படுத்துப் பார்த்தோம். நல்லவேளை, போல்ட்டு இருந்தது.

எத்தனை ஆணி வேண்டும் என்ற கணக்கை நானே போட்டேன். எங்கள் டெக் பன்னிரண்டு அடிக்குப் பத்தடி. ஐந்தரை அங்குல அகலப் பலகை 22. பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாகக் கீழே சட்டம் 10. சேருகிற இடத்துக்கெல்லாம் இரண்டு ஆணி. ஆக 440, சேதாரத்துக்கு ஒரு கைப்பிடி அதிகம். பலகை ஓர் அங்குலத் தடிமன், அதற்கு இரண்டரை அங்குல ஆணி போதும். ஒன்றரை அங்குலப் பலகைக்கு மூன்று அங்குலம். ஆணியின் தலை பலகையோடு சமமாக நிற்க வேண்டும். அழுத்தி உள்ளே இறக்கினால் அந்தக் குழியில் தண்ணீர் நின்று மரத்தை ஊறவைக்கும்.

இந்த ஊர்த் திருகாணியின் தலையில் சதுரமாக ஒரு குழி இருக்கும். திருப்புளி வழுக்காமல் உட்காரும். ராபர்ட்சன் என்ற கனடாக்காரர் 1909-ல் பேட்டன்ட் வாங்கியதாம். எங்கள் ஊருக்கு அடுத்த மில்டனில்தான் தொழிற்சாலை வைத்திருந்தார். டெக் திருகாணிக்குச் சிவப்புக் கைப்பிடித் திருப்புளி. அம்மிக்குழவியைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாத கை என்று நான் தயங்கினேன். நாலு ஆணி முடுக்கியதும் பழகிவிட்டது.

ஜூன் கடைசியில் படிக்கட்டு முழுவதையும் பிரித்துப் போட்டோம். டெக்கின் மேல்தளத்தில் முதலில் இவர் வாங்கிய பச்சை ஆணி இருந்த இடமெல்லாம் நன்றாகவே இருந்தது. நான் வாங்கியவைதான் படியிலும் ஓரத்து இரண்டு பலகையிலும். நானே ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பாதி, தலையோடு மட்டும் கையில் வந்தது. படிக்கு எவர்சில்வர் வாங்கினோம். இவர் விலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பணத்தைக் கட்டினார்.

அத்தையிடம் மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. ஊரிலிருந்து போனில் விசாரித்தவர்களிடமெல்லாம் அவர், “கால் வழுக்கிடுச்சு, வயசாயிடுச்சுல்ல” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கும்போதெல்லாம் எனக்கு முள்ளில் நிற்கிறாற்போல இருக்கும். மாவுக்கட்டுப் பிரித்த அன்று தலை வாரிவிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன். “அத்தை, அந்த ஆணி நான் வாங்கினது. விலை குறைச்சல்னு வாங்கிட்டேன்.”

“எனக்கு அன்னைக்கே தெரியும்மா” என்றார். “விழுந்த இடத்துல கண்ணுக்கு நேரா தங்கக் கலர்ல தலை மட்டும் கெடந்துச்சு. நீ அதைப் பொறுக்கிப் புடவைத் தலைப்புல முடிஞ்சதையும் பாத்தேன்.”

“பின்னே ஏன் கால் வழுக்கிடுச்சுன்னு சொன்னீங்க?”

“வேற என்ன சொல்லச் சொல்றே? நீ செருப்பு வாங்கினதையும் சேத்துச் சொல்லவா?” என்று சிரித்துவிட்டு, “வகிடு கோணலா இருக்கு பாரு, நேரா எடு” என்றார். செருப்புக் கதையை என் பெண் எப்போது சொன்னாளோ!

2024-ல் அத்தை மறுபடி வந்து ஐந்து மாதம் இருந்தார். காலையில் இறங்கும்போது ஒவ்வொரு படியையும் கால் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவார். நான் பனி விட்டதும் ஏப்ரலில் ஒருமுறை, பனி தொடங்குமுன் அக்டோபரில் ஒருமுறை, திருப்புளியோடு உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன். கறுப்புப் படர்கிறதா, தலை தானாகச் சுற்றுகிறதா, பலகை டொக்கென்கிறதா என்று. படிக்கு உப்புக்குப் பதில் இப்போது மணல்தான். மிச்சமிருந்த தங்க நிற ஆணிகளை எறிய மனசு வரவில்லை. பூஜை அலமாரியை அதில்தான் மாட்டினேன். வீட்டுக்குள்ளே அது வாங்கின அன்றைக்கு மின்னியதுபோலவே இன்றைக்கும் மின்னுகிறது.